திருப்பூருக்கு எத்தனை எழுத்து?

இந்த எபிசோடில் ஒரே ஒரு ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷக் கணினி வரலாற்றைப் பார்க்கப்போகிறோம். ஊர், திருப்பூர். நீங்க இப்போ போட்டிருக்கிற டி-ஷர்ட் அங்கேயிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனா இன்றைக்குக் கேள்வி டி-ஷர்ட் பற்றியது இல்லை. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து இருக்கு?

விரல் விட்டு எண்ணுங்க. தி, ரு, ப், பூ, ர். ஐந்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதையே பைத்தான் மொழியின் 'லென்' ஃபங்ஷனிடம் கேட்டால் 10 என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்துவிட்டு, சி மொழியின் 'ஸ்டர்லென்' ஃபங்ஷனிடம் கேட்டால் 30 என்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் 'கவுன்ட்' கேட்டால் 5.

5, 10, 30. இதில் எதுவும் பிழை இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது, அவ்வளவுதான். எதை எண்ணுவது என்று யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கார்.

கோடு எழுதுகிற எல்லோருக்கும் முதல் வருஷத்திலேயே ஒரு அறிவுரை கிடைக்கும்: மொழியிலேயே இருக்கிற ஃபங்ஷனைப் பயன்படுத்து, சொந்தமா எழுதாதே. நல்ல அறிவுரைதான். அது வேகமா ஓடும், ஆயிரம் பேர் சோதித்திருப்பாங்க, உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கும் புரியும். ஆனால் தமிழுக்கு வரும்போது இந்த அறிவுரை ஏன் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது? அதுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

ஒரு பைட், ஒரு எழுத்து

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சி மொழி பிறந்தது. அங்கே ஸ்ட்ரிங் என்றால் வரிசையாக நிற்கும் பைட்டுகள். கடைசியில் ஒரு பூஜ்யம். ஸ்டர்லென் செய்வது ஒரே வேலை: பூஜ்யம் வரும்வரை எண்ணிக்கொண்டே போவது. ஆங்கிலத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஆஸ்கி அட்டவணையில் மொத்தமே 128 இடங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு பைட். பைட்டை எண்ணினாலும் எழுத்தை எண்ணினாலும் ஒரே விடை. ‘எழுத்து என்றால் என்ன?’ என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இந்தியாவில் அந்தக் கேள்வி எழுந்தது. 1988இல் இஸ்கி என்ற இந்தியத் தரம் வந்தது. 1991இல் அது இந்தியத் தர நிறுவனத்தின் தரமாகவும் ஆனது. இந்திய எழுத்துமுறைகள் எல்லாம் பிராமியிலிருந்து வந்தவை, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அடுக்கு என்பது அதன் யோசனை. அதே 1991இல் வெளிவந்த யூனிகோட் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்கு இஸ்கியின் 1988 அமைப்பையே பின்பற்றியது. தமிழுக்கு 128 இடங்கள். தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கு உரிய இடங்கள் இன்றைக்கும் காலியாகவே கிடக்கின்றன.

இந்த அமைப்பில் அடிப்படை எழுத்து ‘க’. அதன் மேல் புள்ளிக் குறி ஒன்றை ஏற்றினால் ‘க்’. நம்ம இலக்கணம் சொல்வது தலைகீழ். தொல்காப்பியம் முதலே ‘க்’தான் மூலம், அதோடு ‘அ’ சேர்ந்தால் ‘க’. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. பள்ளியில் மனப்பாடம் பண்ணின அதே கணக்கு. யூனிகோடில் இந்த 247க்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர்களுக்கும் ஆய்தத்துக்கும் ‘க’ போன்ற அகர உயிர்மெய்களுக்கும் இடம் உண்டு. மற்றதெல்லாம் அந்த அகர உயிர்மெய்யும் குறியும் சேர்த்துக் கட்டுவது.

இப்போ திருப்பூருக்கு வாங்க. த, இகரக் குறி, ர, உகரக் குறி, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி. பத்து. பைத்தான் எண்ணுவது இதைத்தான். யூடிஎஃப்-8இல் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். அதுதான் அந்த 30.

அட்டவணையை மாற்றிப் பார்த்த காலம்

யூனிகோட் வந்த உடனே நம்ம கைக்கு வந்துவிடவில்லை. 1990களில் தமிழ் இணையம் ஓடியது ஃபான்ட்களில். ஒரு செய்தித் தளத்தைப் படிக்க அதன் ஃபான்ட்டை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். தளம் மாறினால் எழுத்து குப்பையாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் பேசிப் பேசி உருவாக்கியது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்களும், இன்றைக்கும் பலர் தட்டுகிற தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

இவற்றில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். திரையில் அழகாக வரும். ஆனால் ‘கொங்கு’ என்ற சொல் ககர வரிசையில் வர வேண்டுமே? கணினிக்கு அது கொம்பில் தொடங்குகிற சொல். ஆகவே தேடவும் அகரவரிசைப்படுத்தவும் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒருத்தர் உட்கார்ந்து சொந்த ஃபங்ஷன் எழுதினார். அடுத்த மென்பொருளில் அடுத்தவர் அதையே திரும்பவும் எழுதினார்.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். ஃபங்ஷனை ஏன் திருத்தணும், அட்டவணையையே திருத்திவிட்டால்? 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டால் சாதாரண ‘லென்’ சரியாக 5 என்று சொல்லிவிடும். ‘ஸார்ட்’ ஒழுங்காக அகரவரிசை போடும். மெய்யின் எண்ணோடு உயிரின் எண்ணைக் கூட்டினால் உயிர்மெய் கிடைத்துவிடும், இலக்கணத்தில் உள்ள மாதிரியே. இந்த யோசனையின் பெயர் டேஸ்16. 2010 ஜூன் மாதம், திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அந்த நாட்களிலேயே தமிழ்நாடு அரசு ஓர் ஆணை வெளியிட்டது: யூனிகோட் தரம், அது போதாத இடங்களில் டேஸ்16.

யோசனை தெளிவானது. இடித்தது வேறு இடத்தில். யூனிகோட் ஒருமுறை கொடுத்த இடத்தைப் பிறகு மாற்றாது, நீக்காது. அது அவர்களுடைய உறுதியான கொள்கை. ஆகவே டேஸ்16 உட்கார்ந்தது ‘தனியார் பயன்பாட்டுப் பகுதி’ என்று யூனிகோட் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தில். அங்கே யார் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மற்றவர் அதைப் புரிந்துகொள்வார் என்ற உத்தரவாதம் கிடையாது. உங்க கணினியில் சரியாக எண்ணப்படும் சொல், நண்பரின் ஃபோனில் வெறும் கட்டம். ஃபோனும் உலாவியும் தேடுபொறியும் யூனிகோட் பக்கம் போயாச்சு. தமிழும் அதோடு போனது, 5 என்பது 10 ஆகிவிடும் என்ற விலையைக் கொடுத்து.

மு. பழனிசாமியும் ம. பழனிசாமியும்

சரி, ஐந்தோ பத்தோ, யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். முன்னெழுத்தைப் பாருங்க. செம்மொழி மாநாட்டை நடத்திய அன்றைய முதல்வரின் பெயர் மு. கருணாநிதி, தந்தை பெயர் முத்துவேல். தந்தை பெயரின் முதல் எழுத்தை எடு என்று பைத்தானிடம் சொன்னால், ‘மு’ வராது, ‘ம’ வரும். பக்கத்து ஈரோட்டுக்காரர் ஈ.வெ.ரா., ‘ஈ.வ.ர.’ ஆகிவிடுவார்.

இதை ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் வைத்துக் கற்பனை பண்ணிப் பாருங்க. கொங்கு நாட்டில் பழனிசாமி என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஓவர்லாக்கில் ஒருவர், அவர் அப்பா முருகேசன். அயர்னிங்கில் ஒருவர், அவர் அப்பா மணி. மு. பழனிசாமி, ம. பழனிசாமி. இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு எழுத்துதான். மென்பொருள் இரண்டு பேரையும் ‘ம. பழனிசாமி’ ஆக்கிவிட்டால், சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் யாருடைய பீஸ் கணக்கு யாருக்குப் போகும்? 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணையை ஒரு மென்பொருளில் நிறைவேற்ற, ‘முதல் எழுத்து’ என்ற ஃபங்ஷனுக்கு முதலில் தமிழ் தெரிய வேண்டும்.

இன்னும் இருக்கு. பெயர்க் கட்டத்தில் ‘எழுத்துகள் மட்டுமே’ என்று சோதிக்க, பைத்தானில் ‘இஸ்ஆல்ஃபா’ என்ற ஃபங்ஷன் உண்டு. திருப்பூர் என்று கொடுத்தால் ‘இது முழுக்க எழுத்து இல்லை’ என்கிறது. உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் ‘எழுத்து’ கிடையாது, ‘குறி’. அதே காரணத்தால், சொற்களைப் பிரிக்கிற அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன், திருப்பூரை த, ர, ப, ப, ர என்று ஐந்து துண்டாக்கிவிடும். தமிழ்க் கருத்துகளை அள்ளி டேட்டா சயன்ஸ் பண்ண உட்கார்ந்தவங்க பலரும் முதல் நாளே இடித்துக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

அகரவரிசையும் அப்படித்தான். நம்ம அகராதியில் ‘அக்கா’ முன்னால், ‘அகம்’ பின்னால்; ‘கவி’ முன்னால், ‘களம்’ பின்னால். யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் இரண்டுமே தலைகீழாகும். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அந்த 70இல் ஒரு திருப்பூர் 10 இடத்தைத் தின்னும். ஏழு தடவை ஊர்ப் பெயரை எழுதினால் மெசேஜ் முடிந்தது.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீங்க. ஒலியை வைத்துப் பெயர் தேட, பல டேட்டாபேஸ்களில் ‘சவுண்டெக்ஸ்’ என்ற ஃபங்ஷன் தயாராகவே இருக்கும். அதன் மூலம் 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் வாங்கிய ஒரு காப்புரிமை. அவர்கள் நாட்டுக் குடும்பப் பெயர்களுக்காக யோசித்தது. திருப்பூர் என்ற பெயரை டி-யில் தொடங்கினாலும் டி-எச்சில் தொடங்கினாலும், ஒரு பி போட்டாலும் இரண்டு பி போட்டாலும் டி616 என்று ஒரே விடை. பிரமாதம். ஆனால் பழனிசாமியின் ழவுக்கு எல் போட்டால் பி452, இசட்-எச் போட்டால் பி252. ஒரே மனிதர் இரண்டு பேராகிவிட்டார். ரஸ்ஸல் மேல் தப்பில்லை. அவருக்கு ழ தெரியாது.

ஜாப் ஒர்க் கணக்கு

அப்போ சொந்தமா எழுதிடலாமா? இதைத் திருப்பூர்க்காரர்களிடம் கேட்டால் இன்னும் தெளிவான பதில் வரும். அவங்க தினமும் எடுக்கிற முடிவு இது. பின்னல், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல்: ஒவ்வொன்றையும் சொந்த யூனிட்டில் பண்ணலாம், இல்லை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் முதலீடு மிச்சம்; அந்த வேலையையே தொழிலாகக் கொண்டவர் உங்களைவிட நன்றாகச் செய்வார். ஆனால் அவர் கதவை மூடினால் நீங்களும் நிற்பீங்க. 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றை மாசுபடுத்தியதற்காக நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் போடாத துணி தையலுக்குப் போகாது. சாயப்பட்டறையே வைத்திராத கம்பெனிகளும் அதில் மாட்டிக்கொண்டன.

மென்பொருளிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது, அதுவும் ஒரு ஸ்ட்ரிங் ஃபங்ஷனால். ‘லெஃப்ட்-பேட்’ என்று ஒரு குட்டி நிரல். சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சமன் செய்யும். மொத்தம் 11 வரி. 2016 மார்ச்சில் அதை எழுதியவர், வேறொரு பெயர்த் தகராறில், தன் நிரல்களைப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதன் மேல் நேராகவோ சுற்றி வளைத்தோ சாய்ந்திருந்த பெரிய பெரிய கருவிகள் எல்லாம் உலகம் முழுக்க நின்றன. கிடங்கை நடத்துகிறவர்களே சில மணி நேரத்தில் அதை மீட்டு வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் ‘பேட்ஸ்டார்ட்’ என்று அதே வேலை மொழியின் உள்ளேயே சேர்ந்தது.

கடைசி வாக்கியத்தைக் கவனிச்சீங்களா? பலரும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்த வேலை, மொழியின் சொந்த ஃபங்ஷன் ஆனது. தமிழ்க் கதையிலும் மெதுவாக நடப்பது இதுதான். 2010களில் எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூல நூலகத்தைக் கட்டினார்கள். அதிலுள்ள எழுத்துப் பிரிக்கும் ஃபங்ஷனிடம் திருப்பூரைக் கொடுத்தால் தி, ரு, ப், பூ, ர் என்று திருப்பித் தரும். இன்னொரு பக்கம், யூனிகோட் அமைப்பே ‘மனிதர் ஒரு எழுத்தாக உணர்வது எது’ என்பதற்கு விதி வகுத்தது. அந்த ஆவணத்தின் எடுத்துக்காட்டு அட்டவணையில் தமிழ் ‘நி’யும் ஒரு வரி. 2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழி அந்த விதியைத் தன் சாதாரண எண்ணிக்கையாகவே வைத்துக்கொண்டது. அந்த 5 வந்தது இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் இதே வேலைக்கான ‘செக்மென்டர்’ 2024 வாக்கில் பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தை அனுப்பினால் ஐஃபோன் செயலிகள் விழுந்தன. ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் விட்டது. விதியும் நிலையாக நிற்பதில்லை. 2023இல் வந்த யூனிகோட் 15.1, இந்தி, தெலுங்கு முதலான சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒன்றாக எண்ணச் சொன்னது. தமிழை அதில் சேர்க்கவில்லை. ஆகவே ஸ்விஃப்டுக்கு ‘லக்ஷ்மி’ நான்கு எழுத்து. ‘க்ஷ்’ என்பதை ஒன்றாக எண்ணுகிறவருக்கு மூன்று.

எதை எங்கே

இவ்வளவு வரலாற்றிலிருந்து வேலைக்கு ஆகிற மாதிரி எதை எடுத்துக்கொள்வது?

சேமிப்பு, நெட்வொர்க், எஸ்எம்எஸ் இதெல்லாம் என்றால் கணினியின் எண்ணிக்கைதான் சரி. 30ஐயும் 10ஐயும் திட்ட வேண்டாம், அவை தேவை. மனிதர் கண்ணில் படுவது என்றால், அதாவது முன்னெழுத்து, சொல்லை வெட்டுவது, எண்ணுவது என்றால், யூனிகோட் எழுத்து விதி தெரிந்த ஃபங்ஷனையோ நூலகத்தையோ எடுங்க. அகரவரிசைக்கு, தமிழ் வரிசை தெரிந்த ‘ஐசியு’ மாதிரி நூலகம் ஏற்கெனவே இருக்கு. சொந்தமா எழுதுவது கடைசி, அதுவும் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும்.

அப்படி எழுதும்போதும் நிதானம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. ‘கொங்கு’ என்பதன் கொகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு சொல். இதற்கு ‘நார்மலைஸ்’ என்ற தயார் ஃபங்ஷன் போதும். ஆனால் ‘கௌரி’யைப் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி எழுதுகிறார்கள். அதை நார்மலைஸ் தொடாது. சரி, நானே எழுதுறேன், கொம்பும் ளகரமும் வருகிற இடத்தில் எல்லாம் ஔகாரக் குறி போட்டுடறேன்னு ஒரு வரி எழுதினால்? ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளை’ எல்லாம் சிதைந்துவிடும். திருப்பூரில் வெள்ளைத் துணி இல்லாமல் என்ன வேலை நடக்கும்? இங்கே சொல்லகராதி வேண்டும், சோதனை வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எழுதி முடித்ததும் கம்பெனிக் கணினியிலேயே பூட்டி வைக்காதீங்க. டிஸ்கி காலத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதினதெல்லாம் அந்தந்த மென்பொருளோடு போய்விட்டது. வெளியே வைத்ததும் தரத்துக்குள் போனதும்தான் நின்றது. உங்க மொழியின் நூலகத்தில் தமிழ் தவறாக வந்தால், சொந்த ஃபங்ஷன் எழுதும் அன்றைக்கே அந்த நூலகத்துக்கும் ஒரு பிழை அறிக்கை அனுப்பிடுங்க. நாலு சொல் போதும்: திருப்பூர், கௌரி, லக்ஷ்மி, கொங்கு. என்ன விடை வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி. அதைப் படிக்கிற புரோகிராமர் சியோலிலோ பெர்லினிலோ இருப்பார்; தமிழில் எழுத்து எப்படி எண்ணப்படுகிறது என்று அவரிடம் அதுவரை யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.